வண்டி வரசொல்ல

பூந்தமல்லி
6-6-1943

அன்பு மிகுந்த அண்ணன் ஷவுகத் அலி அவர்களுக்குத் தங்கை ராபியா ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் அத்தா, அம்மா, நான் மூவரும் சுகம். வாணியம்பாடித் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா, வயிற்று வலி திரும்பவும் வந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள்.

ட்ரெயினிங் பள்ளிக்கூடத்துப் பரீட்சை டிசம்பரில் வருகிறது. கணக்கும் தமிழும் பயமில்லை. இங்கிலீஷில் இரண்டு வாக்கியங்களைச் சேர்த்து எழுதுகிற இடத்தில்தான் கன்னியாஸ்திரி அம்மா சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டே போகிறார்கள். 'அவர் வராத வரைக்கும் காத்திருப்பேன்' என்பதற்கு 'அன்டில் ஹி டஸ் நாட் கம்' என்று எழுதினேன். அது தப்பாம். 'வென்', 'வைல்', 'ஆஸ்' மூன்றுக்கும் நான் 'போது' என்றே அர்த்தம் எழுதி வைத்திருக்கிறேன். நமக்கு ஒரு 'போது' போதுமாக இருக்கிறது. அவர்களுக்கு எதற்கு இத்தனை? தோல் கம்பெனியில் நாள் முழுவதும் இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவர் நீங்கள். எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

இங்கே ஒரு நல்ல சேதி. ஆவடி பக்கத்தில் உள்ள ராணுவக் கிடங்குக்கு வைக்கோல் கொண்டுபோய்ப் போடுகிற கான்ட்ராக்ட் அத்தாவுக்குக் கிடைத்திருக்கிறது. அங்கே கேட் காவல் பார்க்கிற பருத்திப்பட்டு வேம்புலி மாமாதான் ஓவர்சியரிடம் சொல்லி வாங்கிக்கொடுத்தார். தார்ப்பாய் தைக்கிற வேலை குறைந்துபோன சமயத்தில் இது பெரிய உதவி. மாமாவின் சம்சாரம் முனியம்மா அக்கா நேற்றுக் கீரைக் கூடையோடு வந்து அம்மாவிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
தங்கை ராபியா


வாணியம்பாடி
14-6-1943

என் பிரியத்துக்குரிய ராபியாவுக்கு அண்ணன் ஸலாம். சுகமாக இருக்கிறேன். வயிற்று வலி இல்லை என்று அம்மாவிடம் சொல்.

கேட்டதற்குப் பதில். 'அன்டில்' என்ற சொல்லுக்குள்ளேயே 'இல்லை' அடங்கியிருக்கிறது. நீ இன்னொரு 'நாட்' போட்டால் அர்த்தம் கவிழ்ந்துவிடும். 'வென்' என்பது ஒரு புள்ளி. கதவு தட்டப்பட்டது, நான் எழுந்தேன். 'வைல்' என்பது ஒரு கோடு. நீ தைத்துக்கொண்டிருந்தாய், அதற்குள் பால் பொங்கிவிட்டது. இனி நடக்கப்போவதைச் சொல்லும்போது 'வென்' பக்கத்தில் 'வில்' போடாதே. 'ஆஸ்', 'சின்ஸ்' இரண்டையும் இப்போதைக்குத் தொடாதே. அவை சில சமயம் நேரத்தைச் சொல்லும், சில சமயம் காரணத்தைச் சொல்லும். இங்கே பி.ஏ. படித்தவர்களே அதில் வழுக்கி விழுகிறார்கள்.

கான்ட்ராக்ட் விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. ராணுவக் கிடங்கில் ஒரு ஆணி காணாமல் போனாலும் முதலில் வெளியாளைத்தான் பிடிப்பார்கள். வேம்புலி எதற்காக இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டான்? அவனுக்கு இதில் என்ன லாபம்? அத்தாவிடம் கேட்டுப் பார். நான் கேட்டதாகச் சொல்லாதே.

அம்மாவுக்கும் அத்தாவுக்கும் என் ஸலாம்.
ஷவுகத் அலி


பூந்தமல்லி
11-7-1943

அண்ணனுக்கு ராபியா ஸலாம்.

சுகம் என்று எழுத முடியவில்லை. அவனுக்குத் தெரிவிக்க வேண்டாம், கவலையில் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவான் என்று அம்மா தடுத்ததால் இத்தனை நாள் எழுதவில்லை. இன்று அவர்கள் தூங்குகிற சமயத்தில் எழுதுகிறேன்.

இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அத்தா பள்ளிவாசலை விட்டு வெளியே வந்ததும் போலீசார் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கிடங்கில் தார்ப்பாய்க் கட்டுகள் காணாமல் போயிருக்கின்றனவாம். காணாமல் போன அன்று சாயங்காலம் வண்டிக்காரனுக்குக் காய்ச்சல் என்பதால் அத்தாவே வைக்கோல் வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருந்தார். நம் கடையில் தார்ப்பாய் தைப்பது ஊருக்கே தெரியும். கடையைப் புரட்டிப் பார்த்தார்கள். நம்முடைய பழைய துணிகளைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. இருந்தும் அத்தாவை விடவில்லை. சைதாப்பேட்டை சப் ஜெயிலில் வைத்திருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் சொன்னது இதுதான்: கிடங்கு அதிகாரி துரை முன்னால் வேம்புலி வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அத்தா சொன்னதன் பேரில்தான் கேட் திறந்து வைக்கப்பட்டது என்று அதில் இருக்கிறதாம். அம்மா நம்பவில்லை. பிறகு அழுதார்கள். இப்போது நம்புகிறார்கள் என்று நினைக்கிறேன்.

கடைக்கு ஒருவரும் வருவதில்லை. எதிர்வீட்டார் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். முனியம்மா அக்காவும் வரவில்லை.

ராபியா


வாணியம்பாடி
15-7-1943

ராபியாவுக்கு.

கடிதம் கிடைத்தது. யுத்தச் சரக்கு அனுப்புகிற நேரம் என்று கம்பெனியில் லீவு மறுத்துவிட்டார்கள். மீறி வந்தால் வேலை போகும். வேலை போனால் வக்கீலுக்கு யார் கொடுப்பது? வக்கீல் வீரராகவன் அத்தாவுக்குப் பழக்கமானவர். அவரைப் பார். அந்த வாக்குமூலத்தின் நகலை வாங்கச் சொல். ஒரு எழுத்து மாறாமல் எனக்கு எழுது.

நான் முதலிலேயே கேட்டேன், வேம்புலிக்கு இதில் என்ன லாபம் என்று. இப்போது தெரிகிறதா? கேட் சாவியைக் கையில் வைத்திருந்தவன் அவன். சரக்கு போனால் முதலில் அவன் கழுத்துக்குத்தான் வரும். அதை எடுத்து அத்தா கழுத்தில் மாட்டிவிட்டான். நம் வீட்டில் எத்தனை பெருநாளைக்கு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

நீயும் அம்மாவும் தைரியமாக இருங்கள். யாரிடமும் எதையும் பேசாதீர்கள். யார் பேச்சு யார் காதுக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது.

ஷவுகத் அலி


பூந்தமல்லி
29-7-1943

அண்ணனுக்கு ராபியா ஸலாம். அம்மாவுக்கு மூட்டு வலி அதிகம். மற்றபடி இருக்கிறோம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

வக்கீல் நகல் வாங்கிவிட்டார். நீளமானது. நமக்கு வேண்டிய வாக்கியம் ஒன்றுதான். அவர் படிக்கப் படிக்க எழுதிக்கொண்டேன்:

'ஆஸ் தி பாய் டோல்ட் தி கார்ட் டு கம், தி கேட் வாஸ் கெப்ட் ஓப்பன்.'

'பாய்' என்றது அத்தாவைத்தான். இந்த 'ஆஸ்' நேரமா, காரணமா? நீங்கள் தொடாதே என்று எழுதியிருந்த சொல் இதுதானே. 'பாய் வண்டியை வரச் சொன்னபோது கேட் திறந்திருந்தது' என்று வைத்துக்கொண்டால் குற்றம் கொஞ்சம் லேசாகிறது. 'பாய் வரச் சொன்னதால் திறந்து வைக்கப்பட்டது' என்றால் ஒரேயடியாக முடிந்துவிடுகிறது. வக்கீலிடம் கேட்டேன். "அம்மா, இலக்கணத்தை வைத்து ஜாமீன் வாங்க முடியாது" என்றார்.

அத்தாவைப் பார்த்தோம். தாடி வெளுத்துவிட்டது. வாக்குமூலத்தைச் சொன்னேன். "நான் வண்டியைத்தானே ஓட்டிக்கினு போனேன், யாரை வரச் சொல்றது?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. வேம்புலியைத் திட்டவும் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அத்தா எதையாவது மறைக்கிறாரா என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

திரும்பும்போது ட்ரங்க் ரோட்டில் வேம்புலி எதிரே வந்தார். எங்களைக் கண்டதும் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

ராபியா


வாணியம்பாடி
5-8-1943

ராபியாவுக்கு அண்ணன் ஸலாம். நான் சுகம்.

வாக்கியத்தைப் பலமுறை படித்தேன். நீ 'ஆஸ்' என்பதை நேரமாக எடுத்துக்கொண்டாலும் 'டோல்ட்' அங்கேயே நிற்கிறது. அத்தா சொன்னார் என்று வேம்புலி சொல்லியிருக்கிறான். அதை இலக்கணத்தால் அழிக்க முடியாது. குற்றமில்லாதவன் ரோட்டைக் கடந்து போவானா?

அவன் வீட்டுப் பக்கம் போகாதே. அம்மாவையும் போகவிடாதே. எழுத வேண்டிய இடத்துக்கு எழுதியிருக்கிறேன். இதைப் பற்றி நீ எதுவும் கேட்க வேண்டாம்.

அத்தாவுக்கு உடுப்பு அனுப்பியிருக்கிறேன். பாடத்தை விட்டுவிடாதே.

ஷவுகத் அலி


பூந்தமல்லி
24-8-1943

அண்ணனுக்கு ராபியா ஸலாம் கூறி எழுதுவது. அம்மா நடக்கிற அளவுக்கு இருக்கிறார்கள். உங்கள் சுகத்துக்கு துஆச் செய்கிறோம்.

நீங்கள் போகாதே என்று எழுதிய இடத்துக்குப் போய்விட்டோம். அம்மாதான் கிளம்பினார்கள். நோன்பு வருவதற்குள் அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றார்கள். வண்டி பேசிக்கொண்டு பருத்திப்பட்டுக்குப் போனோம். ஏரிக்கரை ஓரத்தில்தான் வேம்புலி வீடு.

முனியம்மா அக்கா வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே விடவில்லை.

"இன்னா பாத்துகினு போவ வந்தீங்க? உங்க ஊட்டுக் காயிதத்தால வேல பூட்ச்சி. இன்னும் இன்னா கீது, எடுத்துகினு போவ?"

வேம்புலியை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். எந்தக் காகிதம் என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் வேம்புலி எழுந்து வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். அம்மா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துகொண்டு, என் புருஷன் சொல்லித்தான் கேட்டைத் திறந்தேன் என்று சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டார்கள். வேம்புலி எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"நான் அப்டி சொல்லவே இல்லியேம்மா. பாய் வண்டி வரசொல்ல கேட்டு தொறந்து கெடந்துச்சி. நான் அப்பத்தான் டூட்டிக்கு வந்துகினு இருந்தேன். இதத்தான் சொன்னேன். இதுல இன்னா தப்பு கீது?"

அம்மாவுக்கும் தப்புத் தெரியவில்லை. எனக்கும் முதலில் தெரியவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பழக்கத்தில் அந்த வாக்கியத்தை மனசுக்குள் இங்கிலீஷில் மாற்றிப் பார்த்தேன். வண்டி வந்த நேரம் ஒரு புள்ளி, ஆகவே 'வென்'. இதில் 'டோல்ட்' எங்கிருந்து வந்தது? மறுபடி சொல்லச் சொன்னேன். பாய் வண்டி வரசொல்ல. கேட்டுக்கொண்டே நின்றவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

அண்ணா, நம் பக்கத்தில் 'வரும்போது' என்று யார் சொல்கிறார்கள்? வரசொல்ல, போவசொல்ல, துன்னசொல்ல. நீங்களும் நானும் அப்படித்தான் பேசி வளர்ந்தோம். துரைக்கு மொழிபெயர்த்த குமாஸ்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து புதிதாக வந்தவர் என்று வேம்புலி சொன்னார். அவர் காதில் அது 'வரச் சொல்ல' என்று விழுந்திருக்கிறது. பாய் வண்டியை வரச் சொல்ல, கேட் திறந்து கிடந்தது. அவர் எழுதியதில் அவரைப் பொறுத்தவரை ஒரு பிசகும் இல்லை. எழுதியதை இங்கிலீஷில் ஒரு தரம் படித்துக் காட்டி, வேம்புலியிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்களாம்.

அத்தா மாட்டிக்கொண்டபோது வேம்புலி என்ன நினைத்தார் தெரியுமா? நான் டூட்டிக்கு வருவதற்கு முன்னால் பாய் ஏதோ செய்துவிட்டார், என்னையும் இழுத்துவிடுவார் என்று நினைத்தாராம். அதனால்தான் ரோட்டைக் கடந்து போனாராம். நாம் அவரைச் சந்தேகித்த அத்தனை நாளும் அவர் நம்மைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்.

அத்தா வண்டி வந்தபோதே கேட் திறந்து கிடந்தது என்றால், அதற்கு முன்னால் திறந்தவர் யாரோ இருக்கிறார். இதை வக்கீலிடம் சொல்லப் போகிறேன். நீங்கள் இங்கிலீஷில் சரியாக எழுதி அனுப்புங்கள்.

இன்னொன்று. முனியம்மா அக்கா சொன்ன காகிதம் எது? நம் வீட்டில் நான் எழுதவில்லை. அம்மாவுக்கு எழுதத் தெரியாது.

ராபியா


வாணியம்பாடி
30-8-1943

ராபியாவுக்கு அண்ணன் ஸலாம். சுகம்.

நீ சொல்வது சரி. இங்கே வந்த பிறகு நான் அப்படிப் பேசுவதை விட்டுவிட்டேன். கேலி செய்கிறார்கள். அதனால்தான் எனக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

வக்கீலிடம் கீழ்க்கண்டதைக் கொடு: 'வென் தி பாய்ஸ் கார்ட் கேம், தி கேட் வாஸ் ஆல்ரெடி ஓப்பன்.' பாய் வண்டி வந்தபோது கேட் ஏற்கெனவே திறந்திருந்தது என்று அர்த்தம். அந்த 'ஆல்ரெடி' முக்கியம். அதை விடக்கூடாது. வேம்புலியைச் சாட்சியாக மறுபடி கூப்பிடும்படி மனுப் போடச் சொல். வேறொரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கச் சொல்.

வேம்புலி வருவானா? மனசு மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோன்பு தொடங்குகிறது. அம்மாவை அதிகம் வருத்திக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

ஷவுகத் அலி


பூந்தமல்லி
19-9-1943

அண்ணனுக்கு ராபியாவின் ஸலாம். அத்தா வீட்டில் இருக்கிறார். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். எல்லோரும் சுகம்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் வேம்புலி வந்து நின்றார். அம்மாவும் நானும் புர்கா போட்டுக்கொண்டு பின்னால் இருந்தோம். வக்கீல் எவ்வளவு விளக்கியும் மாஜிஸ்ட்ரேட்டுக்கு நம்பிக்கை வரவில்லை. இது அந்தக் குடும்பமும் சாட்சியும் பிறகு பேசி வைத்துக்கொண்ட கதை என்று சர்க்கார் வக்கீல் சொன்னார். குமாஸ்தாவைக் கேட்டார்கள். பாவம், நேர்மையான மனுஷர். "எங்க ஊர்ல வர்றப்போன்னு சொல்லுவோம். சொல்லன்னா சொல்றதுதான் ஐயா" என்றார்.

மாஜிஸ்ட்ரேட் தமிழர்தான், தஞ்சாவூர்ப் பக்கம். பிறகு வேம்புலியிடம் வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்காமல், நீ காலையில் வந்தபோது வழியில் மழை இருந்ததா என்று கேட்டார்.

"நான் வரசொல்ல இல்ல சாமி. ஊட்ட உட்டு பொறப்படசொல்லதான் தூறிகினு இருந்துச்சி."

யார் உன்னைப் புறப்படச் சொன்னது என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். வேம்புலி விழித்தார். யாரும் சொல்லவில்லை, கோர்ட்டுக்கு வர வேண்டுமே என்று தானாகத்தான் புறப்பட்டேன் என்றார். பின்னால் இருந்த டவாலிச் சேவகன் சிரித்துவிட்டான். மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். கேட்டை முன்னால் திறந்தது யார், சரக்கு எப்படிப் போனது என்பதைக் கிடங்கு அதிகாரிகள்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும், இந்த மனுஷர் மேல் சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார். அந்தக் கட்டுகள் எங்கே போயின என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அத்தா வேம்புலியின் கையைப் பிடித்து, நோன்பு திறக்க வீட்டுக்கு வா என்று கூப்பிட்டார். வேம்புலி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "வேணாம் பாய், நீ ஊட்டுக்குப் போ" என்றார்.

முனியம்மா அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். இம்முறை கோபமாகப் பேசவில்லை. கிடங்கு துரைக்கு இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்ததாம். வேம்புலி குடித்துவிட்டுக் காவல் நிற்கிறவன், காசுக்குக் கேட்டைத் திறந்துவிடுகிறவன் என்று அதில் இருந்ததாம். கீழே பெயர் இல்லையாம். கிடங்கு மேஸ்திரி உறையைப் பார்த்துவிட்டு வாணியம்பாடித் தபால் முத்திரை என்று சொல்லியிருக்கிறார்.

வேம்புலி மாமா வாழ்க்கையில் கள்ளு தொட்டதில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் 'ஆல்ரெடி'யைப் பற்றி எழுதினீர்கள். அதை மட்டும் எழுதவில்லை. அத்தாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. பெருநாளைக்கு வருகிறீர்களா?

ராபியா


வாணியம்பாடி
10-10-1943

அன்புள்ள ராபியாவுக்கு அண்ணன் ஸலாம். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அத்தாவின் இருமல் எப்படி இருக்கிறது?

பெருநாள் மூன்று நாளும் நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நானும் பேச வேண்டும் என்றுதான் இருந்தேன். அத்தா என் தட்டில் பிரியாணி வைத்துக்கொண்டே, "வேம்புலி மட்டும் வந்து நிக்கலேன்னா நான் இன்னிக்கி எங்க இருப்பேன்" என்று சொன்ன பிறகு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்புகிற அன்று ஆவடி ஸ்டேஷனுக்குச் சீக்கிரமே கிளம்பினேன் அல்லவா? வழியில் பருத்திப்பட்டில் இறங்கினேன்.

வேம்புலி வீட்டில் இருந்தார். செங்கல் சூளையில் கூலிக்குப் போகிறாராம். கையெல்லாம் கொப்புளம். என்னைப் பார்த்ததும் வா என்றார். பாயை விரித்தார். ஏரியில் தண்ணீர் ஏறியதைச் சொன்னார். வாணியம்பாடியில் அரிசி கிடைக்கிறதா என்று கேட்டார். எல்லாம் பேசினார், அதைத் தவிர. நான்தான் ஆரம்பித்தேன். நான்தான் எழுதினேன் என்றேன்.

"தெர்யும். மேஸ்திரி படிச்சி சொன்னாரு."

தெரிந்துமா கோர்ட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். அது வேற, இது வேற என்றார். அவ்வளவுதான். நான் பணம் கொண்டுபோயிருந்தேன். அதை வெளியே எடுக்கக்கூடத் தைரியம் வரவில்லை. முனியம்மா உள்ளேதான் இருந்தார். அடுப்பில் எதையோ கிண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கிளம்ப எழுந்தபோது வேம்புலி உட்காரு என்றார்.

"எழுதனவன்தான் மறுபடி எழுதணும். நீ மின்ன எழுதனது பொய்யின்னு எழுது. உம் பேரப் போடு. உங்க கம்பெனி பேரையும் போடு. அப்பத்தான் தொர நம்புவான்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன் ராபியா. கம்பெனியில் ஒரு நாளைக்கு எத்தனையோ கடிதம் எழுதுகிறவன் நான். அன்று கை ஓடவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதியதும் தமிழில் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். சரி என்று தலையாட்டிய பிறகுதான் அடுத்ததுக்குப் போனேன். அந்தக் கேட்டை நட்ட நாள் முதல் இவர் அங்கே காவல் நிற்கிறார் என்ற இடத்தில் 'சின்ஸ்' போட்டிருந்தேன். இலக்கணப்படி அதில் குற்றமில்லை. ஆனாலும் படிக்கிறவன் அதைக் காரணமாக எடுத்துக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம் பிடித்துக்கொண்டது. அதை அடித்துவிட்டு 'ஃப்ரம் தி டே' என்று எழுதினேன். ஏன் அடித்தாய் என்று கேட்டார். ரெண்டு அர்த்தம் வரும் என்றேன். அப்படியானால் அது வேண்டாம் என்றார்.

கடைசியில் என் பெயர், கம்பெனி பெயர், விலாசம் எல்லாம் போட்டேன். ரயிலைத் தவறவிட்டேன். அடுத்த வண்டியில்தான் வந்தேன்.

அத்தாவிடம் நீ சொல்ல வேண்டாம். நானே எழுதுகிறேன்.

ஷவுகத் அலி


பூந்தமல்லி
21-11-1943

அண்ணனுக்கு ராபியா ஸலாம். அத்தாவின் இருமல் குறைந்திருக்கிறது. அம்மா உங்களுக்காக எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறார்கள். ஆள் வந்தால் கொடுத்தனுப்புவோம்.

கிடங்கிலிருந்து வேம்புலி மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கேட்டுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். வைக்கோல் கொட்டகையில் காவல் கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் அதேதான். நம் கடையைத் தாண்டித்தான் போகிறார், வருகிறார். முதலில் சில நாள் அத்தா கூப்பிட்டும் நிற்கவில்லை. முந்தாநாள் மழை பிடித்துக்கொண்டது. கடைக்குள் ஒதுங்கினார். அத்தா டீ வாங்கிவரச் சொன்னார். இருவரும் குடித்தார்கள். மழை விட்டதும் போய்விட்டார்.

நீங்கள் அத்தாவுக்கு எழுதிய கடிதத்தை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நான் படித்து முடித்ததும் எழுந்து தொழுகைக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில், "உங்க அண்ணன் அவன் ஊட்ல ஒக்காந்து எழுதனானா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

முனியம்மா அக்கா வீட்டுக்கு வருவதில்லை. நான் போகிறேன். உட்கார் என்று சொல்வதில்லை. போ என்றும் சொல்வதில்லை. நான் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுத்துவிட்டு வருகிறேன்.

பரீட்சைக்கு நாள் நெருங்கிவிட்டது. கன்னியாஸ்திரி அம்மா போன வாரம் என் தாளில் ஒரு கோடும் போடவில்லை.

ஒன்று கேட்கிறேன். கிடங்கு துரை உங்கள் கம்பெனிக்கும் எழுதியதாக மேஸ்திரி சொன்னாராம். உங்களை ஏதாவது கேட்டார்களா? இதற்குப் பதில் எழுதுங்கள்.

ராபியா


வாணியம்பாடி
24-11-1943

ராபியா, நீ கேட்டதற்கு முதலில் பதில்.

கேட்டார்கள். பெயரில்லாத மனுவும் என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டேன். கடிதம் எழுதுகிற பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது தோல் ஊறப் போடுகிற கொட்டகையில் ஆள்களை மேய்க்கிறேன். சம்பளம் குறைவு. இனிமேல் இங்கிலீஷ் எழுத வேண்டிய வேலை இல்லை. நாற்றம் பழகிவிட்டது என்று சொன்னால் பொய். பழகிக்கொண்டிருக்கிறேன்.

அத்தாவிடமும் அம்மாவிடமும் இதை அப்படியே படித்துக் காட்டு. ஒன்றையும் விடாதே.

உன் சுகம், அம்மா சுகம், அத்தா சுகம் கேட்டு எழுதுகிறேன். நான் சுகம்.

அண்ணன்
ஷவுகத் அலி